தங்கவயலின் தனிமின் வீடும் லித்தியம் பேட்டரித் தொகுதியும்

மின்வழங்கல் நிறுவனத்தின் கம்பியோடு இணையாமல், தன் கூரைமேல் விழும் வெயிலை மட்டுமே நம்பி இயங்கும் வீட்டைத் தனித்தியங்கும் சூரியமின் வீடு எனலாம். அத்தகைய வீட்டின் கூரைத் தகடுகள் பகலில் மின்சாரம் தருகின்றன. வீடோ அதன் பெரும்பகுதியை இரவில் கேட்கிறது. பகலின் விளைச்சலை இரவுக்குக் கொண்டு சேர்க்கும் பொறுப்பு பேட்டரித் தொகுதியினுடையது. மொத்தச் செலவில் பெரும்பங்கை எடுத்துக்கொள்வதும், தவறாகத் தேர்ந்தால் சில ஆண்டுகளிலேயே வீட்டை இருளில் விடுவதும் அத்தொகுதியே ஆதலால், அதனைத் தேர்வதற்கான அடிப்படைகளைக் கோலார் தங்கவயலின் தட்பவெப்பத்தையும் வாழ்க்கை முறையையும் முன்வைத்து ஆராய்வது பயனுடையது.

மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் சிக்கல் தங்கவயலுக்குப் புதிதன்று. காவிரி வீழ்ந்து பாயும் சிவசமுத்திரத்தில், மைசூர் திவான் சேஷாத்ரி ஐயர் காலத்தில் திட்டமிடப்பட்டு, பொறியாளர் ஜோலி டி லோட்பினியரின் மேற்பார்வையில் எழுந்த நீர்மின் நிலையத்திலிருந்து, 147 கிலோமீட்டர் நீளமான கம்பிப் பாதை வழியாக 1902 ஜூன் 30 அன்று தங்கச் சுரங்கங்களுக்கு மின்சாரம் வந்து சேர்ந்தது. அந்நாளில் உலகின் மிக நீண்ட உயர் அழுத்த மின்பாதைகளுள் ஒன்றாக அது விளங்கியது. பெங்களூரு நகரத் தெருக்களில் மின்விளக்கு எரிந்ததுகூட அதற்குப் பின்னர், 1905இல்தான். தொலைவு என்ற தடையை உயர் அழுத்தம் வென்றபோதிலும், காலம் என்ற தடை எஞ்சியே இருந்தது. கோடையில் காவிரி மெலிந்தால் சிவசமுத்திரத்தின் உற்பத்தியும் மெலியும். சுரங்கத்தின் பாரந்தூக்கிகளும் நீரிறைக்கும் பம்புகளுமோ பருவம் பார்த்து ஓய்வெடுப்பவையல்ல. ஆண்டு முழுவதும் சீரான நீர்வரத்தை உறுதிசெய்ய வேண்டும் என்ற இத்தேவை, விசுவேசுவரய்யா முன்னின்ற கண்ணம்பாடி அணை, அதாவது கிருஷ்ணராஜசாகர், 1911இல் தொடங்கப்பட்டதற்கான காரணங்களுள் ஒன்று. பாசனம் அதன் மற்றொரு நோக்கம் என்பதும், அதையொட்டிச் சென்னை மாகாணத்துடன் எழுந்த பூசல் 1924 ஒப்பந்தம்வரை நீண்டது என்பதும் தமிழ் வாசகர் அறிந்தவையே. மின்சாரத்தின் பக்கமிருந்து பார்த்தால், ஈரமாதங்களின் மிகுதியை வறண்ட மாதங்களுக்குக் கடத்திய அந்த அணை செய்த வேலையைத்தான், ஓர் இரவு அல்லது இரண்டு மூடாக்கு நாள் என்ற சிறு அளவில், வீட்டுப் பேட்டரியும் செய்கிறது.

நூற்றாண்டுக்கு முன்பே மின்சாரம் கண்ட ஊரில் கம்பியில்லா வீடு எதற்கு என்ற கேள்வி எழுவது இயல்பு. ராபர்ட்சன்பேட்டையிலும் ஆண்டர்சன்பேட்டையிலும் சாம்பியன் ரீஃப் லைன் வீடுகளிலும் இக்கேள்விக்குப் பெரும்பாலும் இடமில்லை. அங்கே கம்பி வாசலுக்கே வந்திருக்கிறது. பேத்தமங்கலா, காமசமுத்திரம் பக்கங்களில் மின்கம்பத்திலிருந்து எட்டி நிலம் வாங்கித் தோட்டத்து வீடு கட்டுவோருக்கே இக்கேள்வி உண்மையாக எழுகிறது. கம்பங்களும் மின்மாற்றியும் நட்டுக் கம்பி இழுக்க ஆகும் செலவு தொலைவோடு கூடிக்கொண்டே போகும். காட்டோரத்தில் யானை நடமாட்டம் உள்ள இடங்களில் இரவு முழுவதும் வெளிவிளக்கு எரிவது பாதுகாப்போடு தொடர்புடையது. 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டம் 3 கிலோவாட் அமைப்புக்கு 78,000 ரூபாய் வரை மானியம் தருகிறது. எனினும் அது மின்வழங்கல் நிறுவனத்தின் கம்பியோடு இணைந்த கூரை அமைப்புகளுக்கே உரியது. கம்பி கைக்கெட்டும் தொலைவில் இருப்பவர் அதனை விட்டுத் தனித்தியங்க விரும்புவது பொருளாதார நோக்கில் சரியான முடிவாகாது என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

தேர்வு பேட்டரிக் கடையில் தொடங்குவதில்லை. வீட்டின் ஒருநாள் செலவைக் கணக்கிடுவதில் தொடங்குகிறது. மின்சாரத்தை அளக்கும் அலகு கிலோவாட்-மணி. மக்கள் அதனை யூனிட் என்கின்றனர். 1,000 வாட் கருவி ஒன்று ஒரு மணி நேரம் இயங்கினால் ஒரு யூனிட் செலவாகும். ஒரு நடுத்தர வீட்டை எடுத்துக்கொண்டால், 9 வாட் எல்.இ.டி. விளக்குகள் ஆறு, ஐந்து மணி நேரம் எரிய 0.27 யூனிட்டும், மின்சாரம் சிக்கனமாக எடுக்கும் 30 வாட் பி.எல்.டி.சி. மின்விசிறிகள் மூன்று, பத்து மணி நேரம் சுழல 0.9 யூனிட்டும், சிறிய ஃபிரிட்ஜுக்கு ஏறத்தாழ 0.8 யூனிட்டும், தொலைக்காட்சி, மிக்ஸி, இணைய ரவுட்டர், கைப்பேசி, மடிக்கணினி ஆகியவற்றுக்கு ஒரு யூனிட் அளவும் ஆகின்றன. பலரும் கணக்கில் விட்டுவிடும் ஒன்று இன்னும் உண்டு. பேட்டரியின் நேர்மின்சாரத்தை வீட்டுக் கருவிகளுக்கேற்ற மாறுமின்சாரமாக மாற்றும் இன்வெர்ட்டர், எதுவும் ஓடாதபோதும் தனக்கென்று சிறிது மின்சாரம் உண்கிறது. அது 40 வாட் என்றாலும் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு யூனிட் ஆகிவிடும், அதாவது மூன்று மின்விசிறிகளின் செலவுக்கு மேல். இவையெல்லாம் சேர்ந்து நாளுக்கு நான்கு யூனிட்டை நெருங்குகின்றன. ஒரு குதிரைத்திறன் பம்பை ஒரு மணி நேரம் ஓட்டினால் மேலும் ஒரு யூனிட்டுக்குச் சற்று மேல் ஆகும் என்றாலும், அதனை நண்பகலில் ஓட்டினால் தகடே நேரடியாகத் தந்துவிடும். நீரை மேல்நிலைத் தொட்டியில் ஏற்றிவைப்பதும் ஒருவகைச் சேமிப்பே. பேட்டரியைவிடப் பன்மடங்கு மலிவானதுங்கூட.

இதே கணக்கில் பழைய 75 வாட் மின்விசிறிகளைப் போட்டுப் பார்த்தால் 0.9 யூனிட் 2.25 யூனிட்டாக உயர்கிறது. மின்விசிறியை மாற்றும் செலவு அவ்வளவு மின்சாரத்தைத் தேக்க வாங்க வேண்டிய பேட்டரியின் செலவோடு ஒப்பிட்டால் மிகச் சிறிது. ஆகவே பேட்டரித் தொகுதியின் முதல் பகுதி மின்விசிறிக் கடையில் வாங்கப்படுகிறது என்று கூறுவது மிகையன்று.

செலவின் அளவைப் போலவே அது விழும் நேரமும் பொருட்படுத்தத்தக்கது. 2001 பிப்ரவரி இறுதியில் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டபின், தங்கவயலின் உழைக்கும் மக்களில் பெரும்பகுதியினர் விடியுமுன் மாரிகுப்பத்திலிருந்தோ ஊரகம் நிலையத்திலிருந்தோ ரயிலேறிப் பெங்களூரு சென்று, இருட்டியபின் திரும்பும் வாழ்க்கைக்கு ஆளாயினர். இவ்வகைக் குடும்பத்தின் வீட்டில் வெயில் இருக்கும் நேரத்தில் ஆள் இருப்பதில்லை; ஆள் இருக்கும் நேரத்தில் வெயில் இருப்பதில்லை. பகலெல்லாம் ஆள் புழங்கும் வீட்டில் நான்கு யூனிட்டில் இரண்டரை இரவில் செலவாகும் என்றால், ரயில் பயணிகளின் வீட்டில் அதே நான்கில் மூன்று யூனிட் இரவில் செலவாகும். சூரியமின் நூல்கள் தரும் பொதுக்கணக்கு இவ்வூருக்கு அப்படியே பொருந்தாது என்பதற்கு இதுவே போதிய சான்று.

இரவைக் கடப்பது ஒரு கணக்கு. மூடாக்கு நாட்களைக் கடப்பது வேறொரு கணக்கு. கோலார் மாவட்டத்தில் தெளிந்த வானமுள்ள காலத்தில் நாளொன்றுக்குச் சராசரியாக ஐந்து மணி நேர முழுவெயிலுக்கு நிகரான ஒளி கிடைக்கும். அக்டோபர், நவம்பர் மாதங்களில் வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் உருவாகி வானம் இரண்டு மூன்று நாள் திறக்காதபோது, தகடுகள் வழக்கத்தில் நான்கில் அல்லது ஐந்தில் ஒரு பங்கையே தரக்கூடும். இதற்கு விடையாகப் பெரிய பேட்டரியைப் பரிந்துரைப்பது விற்பனையாளரின் வழக்கம். கணக்கோ வேறு விடை தருகிறது. பயன்படுத்தத்தக்க கொள்ளளவு எட்டு யூனிட் உள்ள தொகுதியை எடுத்துக்கொள்வோம். பம்பை நிறுத்திவைத்து நாளுக்கு நான்கு யூனிட் செலவழிக்கும் வீட்டில் 1.5 கிலோவாட் தகடுகள் மட்டும் இருந்தால், கடும் மூடாக்கில் அவை ஒன்றேகால் யூனிட் அளவே தரும். தொகுதி மூன்றாம் நாள் முடிவில் தீர்ந்துவிடும். அதே வீட்டில் 3 கிலோவாட் தகடுகள் இருந்தால் மூடாக்கிலும் இரண்டரை யூனிட் வரும். அதே தொகுதி ஐந்து நாள் தாங்கும். தகடு மலிந்துவிட்ட இக்காலத்தில் கூடுதல் பணத்தைத் தகட்டில் இடுவதே பெரும்பாலும் அறிவுடைமை. தங்கவயலில் இதற்கு மற்றொரு காரணமும் உண்டு: ஆலைக்கழிவு குவிந்து எழுந்த சயனைடு மண்மேடுகளிலிருந்து கோடைக்காற்றில் பறக்கும் நுண்தூசி அருகிலுள்ள கூரைகளில் படிகிறது, வாரந்தோறும் கழுவாத தகடு தன் முழுத்திறனைத் தராது.

எந்த வேதியியல் என்பது அடுத்த கேள்வி. தென்னிந்திய வீடுகளில் இன்வெர்ட்டரோடு நெடுங்காலமாக இருந்துவருவது ட்யூபுலர் பேட்டரி எனப்படும் ஈய-அமில வகை. ஈயத் தகடுகளும் கந்தக அமிலமும் கொண்ட அதனைப் பாதிக்குமேல் வடியவிட்டால் ஆயுள் விரைந்து குறையும். முழுதும் நிரப்பாமல் நாட்கணக்கில் விட்டால் தகடுகளில் ஈய சல்பேட் இறுகும். சில மாதங்களுக்கு ஒருமுறை டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டும். தனித்தியங்கும் வீட்டில் மழைக்கால வாரங்களில் பேட்டரி அரைகுறையாக நிரம்பியே கிடக்கும் ஆதலால், ஈய-அமிலத்துக்கு இதைவிடப் பொருந்தாத வேலை அரிது. இருந்தும் அதனை முற்றாகத் தள்ளுவது நேர்மையாகாது. நாளுக்கு ஒரு யூனிட்டுக்குள் அடங்கும் சிறு வீட்டுக்கு, உள்ளூர்க் கடையிலேயே கிடைத்து, பழுதானால் பழைய ஈயத்துக்கு விலையும் தரும் அந்தப் பேட்டரி இன்றும் தக்க தேர்வே. 1995இல் பெங்களூருவில் தொடங்கிய செல்கோ நிறுவனம் கர்நாடகச் சிற்றூர்களில் எளிய மக்களுக்குச் சூரிய விளக்குகளைக் கொண்டு சென்றது பெரும்பாலும் ஈய-அமிலப் பேட்டரிகளின் துணையோடுதான்.

லித்தியம் என்பது ஒரே பேட்டரியின் பெயரன்று. லித்தியம் அயனிகள் இரு மின்வாய்களுக்கிடையே போய்வருவதால் இயங்கும் பல வகைகளுக்கு அது பொதுப்பெயர். வீட்டுத் தேவைக்கு இருவகை மட்டுமே பேச்சில் வருகின்றன: நிக்கல், மாங்கனீசு, கோபால்ட் மூன்றும் கலந்த என்.எம்.சி. வகை ஒன்று, லித்தியம் இரும்பு பாஸ்பேட் என்னும் எல்.எஃப்.பி. வகை மற்றொன்று. முன்னது எடை குறைந்தது, ஆகவே ஊர்திகளுக்கு உகந்தது. ஓரிடத்தில் நிலைத்திருக்கும் வீட்டுப் பேட்டரிக்கு எடை ஒரு பொருட்டன்று. நீடித்த ஆயுளும் தீ அச்சமின்மையுமே பொருட்டு. எல்.எஃப்.பி.யில் ஆக்சிஜன் அணு பாஸ்பரசோடு வலுவாகப் பிணைந்திருப்பதால் வெப்பம் மிகும்போது எளிதில் விடுபட்டு எரிதலைத் தூண்டுவதில்லை. கட்டுக்கடங்கா வெப்பநிலைக்குச் செல்லும் எல்லையும் என்.எம்.சி.யைவிட உயர்ந்தது. இந்த வேதியியலின் வரலாற்றில் தமிழர் ஒருவருக்கும் இடமுண்டு. மதுரைப் பல்கலைக்கழகத்திலும் சென்னை ஐ.ஐ.டி.யிலும் பயின்ற ஆறுமுகம் மந்திரம், 1980களின் பிற்பகுதியில் ஜான் குடினஃப் உடன் சேர்ந்து, சல்பேட் போன்ற பல்லணு எதிரயனிகளைக் கொண்ட இரும்புச் சேர்மங்கள் நேர்மின்வாயாகப் பயன்படக்கூடும் எனக் காட்டினார். அத்தடத்தில் சென்றே 1990களில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் குடினஃப் குழுவினர், அக்ஷய பாதி உள்ளிட்டோர், இரும்பு பாஸ்பேட்டை வெளிக்கொணர்ந்தனர். 2019இல் குடினஃப் நோபல் பரிசு பெற்றபோது அவர் சார்பில் பேருரையை ஆற்றியவரும் மந்திரம் அவர்களே.

எல்.எஃப்.பி. கலம் ஒன்றின் மின்னழுத்தம் 3.2 வோல்ட். நான்கை வரிசையாகக் கோத்தால் 12.8, பதினாறைக் கோத்தால் 51.2 வோல்ட். இவற்றுள் எது என்பதைத் தீர்மானிப்பது 1902ஆம் ஆண்டு கம்பிப் பாதையின் அதே விதி. 3,000 வாட் சுமையை 12 வோல்ட்டில் தர 250 ஆம்பியர் பாய வேண்டும், 51.2 வோல்ட்டில் 60 ஆம்பியருக்கும் குறைவே போதும். கம்பியில் வீணாகும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்வதால், அதே கம்பியில் இழப்பு ஏறத்தாழ பதினெட்டில் ஒரு பங்காகிவிடுகிறது. இரண்டு விளக்கும் ஒரு விசிறியும் மட்டுமுள்ள காவல் குடிலுக்கு 12 வோல்ட் போதும்; ஃபிரிட்ஜும் பம்பும் உள்ள வீட்டுக்கு 51.2 வோல்ட்டைத் தவிர்க்க நியாயமில்லை. 51.2 வோல்ட், 100 ஆம்பியர்-மணி கொண்ட பெட்டி ஒன்று 5.12 யூனிட் தேக்கும். அத்தகைய பெட்டிகள் இரண்டு, எண்பது விழுக்காடுவரை வடியவிட்டால், எட்டு யூனிட்டுக்குச் சற்று மேல் தரும். மேலே கணக்கிட்ட வீட்டுக்கு அது பொருத்தமான அளவு. இதே பயனை 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி ட்யூபுலர் பேட்டரியிலிருந்து பெறப் பாதி அளவே வடிக்க முடியும் என்பதால் ஒன்பது தேவைப்படும். ஏறத்தாழ அதே அழுத்தத்துக்கு அவற்றை நான்கு நான்காகவே கோக்க முடியும் ஆதலால் எட்டோடு நெருக்கடியில் நிற்பதோ பன்னிரண்டு வாங்குவதோதான் வழி.

வெப்பநிலையைப் பொறுத்தவரை தங்கவயல் நற்பேறு பெற்ற இடம். உறைநிலைக்குக் கீழ் எல்.எஃப்.பி. கலத்துக்கு மின்னேற்றினால் அதனுள் லித்தியம் உலோகமாகப் படிந்து கலம் கெடும். குளிர்நாட்டு வீடுகள் பேட்டரிக்கே சூடேற்றி வைப்பது இதனால்தான். கடல்மட்டத்திலிருந்து 800 மீட்டருக்கும் மேலான உயரத்தில் உள்ள தங்கவயலின் மார்கழிக் குளிர் அந்த எல்லையை அணுகுவதேயில்லை. சமவெளித் தமிழகத்தின் அக்கினி நட்சத்திர வெப்பமும் இங்கு அரிது. ஆபத்து வானிலையில் இல்லை, கூரையில் இருக்கிறது. தகரக் கூரையோ ஆஸ்பெஸ்டாஸ் ஓடோ வேய்ந்த அறையில் நண்பகல் வெப்பம் வெளியைவிட மிகுதியாக உறைக்கும். பேட்டரி மின்னேறும் நேரமும் அதே நண்பகல். சராசரி வெப்பநிலை பத்து டிகிரி உயர்ந்தால் கலம் மூப்படையும் வேகம் ஏறத்தாழ இரட்டிக்கும் என்பது பொதுவிதி. எனவே செங்கல் சுவரும் காங்கிரீட் கூரையும் கொண்ட, மேற்கு வெயில் படாத அறையில், தரையிலிருந்து சற்று உயர்த்தி, நாற்புறமும் காற்றுக்கு இடம் விட்டு வைக்க வேண்டும். படுக்கையறையும், வீட்டிலிருந்து வெளியேறும் ஒரே வழியும் இதற்கு ஆகா, எல்.எஃப்.பி. எளிதில் எரியாதது என்பது எரியவே எரியாதது என்று பொருள்படாது.

விற்பனைப் பெட்டியின்மேல் பெரிய எழுத்தில் அச்சிட்ட ஆம்பியர்-மணியைவிட, உள்ளே காணாதிருக்கும் இரண்டு பொருள்களே அதன் தரத்தைத் தீர்மானிக்கின்றன. முதலாவது, கலங்களின் தரம். ஊர்திகளில் உழைத்து ஓய்ந்த கலங்களும், ஆலைச் சோதனையில் இரண்டாம் தரமெனக் கழிக்கப்பட்ட கலங்களும் புதுப்பெட்டிக்குள் புகுந்து விலைக்கு வருவதுண்டு. இதற்கு எளிய சோதனை ஒன்று தராசு: 280 ஆம்பியர்-மணிக் கலம் ஒன்று ஐந்தேகால் கிலோவுக்கு மேல் எடையுள்ளது, 5 யூனிட் பெட்டி பொதுவாக 40 முதல் 50 கிலோ வரை இருக்கும், அதே கொள்ளளவு என்று சொல்லப்படும் பெட்டி 30 கிலோவுக்குள் நின்றால் ஐயம் கொள்ள இடமுண்டு. எடை சரியாக இருப்பதே தரத்துக்குச் சான்றாகிவிடாது. பழைய கலமும் அதே எடைதான். ஆகவே நிறுவும் நாளில் முழுதும் நிரப்பி, அறிந்த சுமையில் வடித்து, வந்த யூனிட்டை அளந்து எழுதிவைப்பதே உறுதியான வழி. நிலைத்த பயன்பாட்டு லித்தியம் பேட்டரிகளின் பாதுகாப்புக்கான ஐ.இ.சி. 62619 தரச்சான்றைக் கேட்டுப் பெறுவது இதற்குத் துணைசெய்யும்.

இரண்டாவது, பி.எம்.எஸ். எனப்படும் பேட்டரி மேலாண்மைச் சுற்று. பதினாறு கலங்களின் அழுத்தத்தையும் தனித்தனியே கண்காணித்து, ஏதேனும் ஒன்று 3.65 வோல்ட்டைத் தாண்டினாலோ 2.5 வோல்ட்டுக்குக் கீழ் இறங்கினாலோ தொகுதியைத் துண்டிப்பதும், ஏற்றத்தாழ்வுற்ற கலங்களைச் சமன் செய்வதும் அதன் பணி. இங்கே நேரும் பிழைகளில் பெரும்பாலானவை, பழைய ட்யூபுலர் அமைப்புக்கு வைத்த இன்வெர்ட்டரை மாற்றாமல் லித்தியத்தை அதனோடு இணைப்பதால் வருபவை. ஈய-அமிலத்துக்குச் செய்யப்படும் சமநிலை மின்னேற்றத்தில் அழுத்தம் 60 வோல்ட்டைத் தாண்டும். பதினாறு கல எல்.எஃப்.பி. தொகுதியின் உச்ச எல்லையோ 58.4 வோல்ட். எல்லை மீறியதும் பி.எம்.எஸ். திடீரெனத் துண்டிக்க, சூரியத் தகட்டிலிருந்து வரும் மின்சாரம் போக்கிடமின்றி அழுத்தமாக எகிறிக் கட்டுப்பாட்டுக் கருவியையே கெடுத்துவிடக்கூடும். எல்.எஃப்.பி.க்கென அமைவு உள்ள இன்வெர்ட்டரும், பி.எம்.எஸ்.ஸோடு தகவல் பரிமாறும் கம்பி இணைப்பும் இதனால் இன்றியமையாதவை. பேட்டரியை இணைத்தபின் தகட்டை இணைப்பதும், கழற்றும்போது தகட்டை முதலில் கழற்றுவதும் எந்நாளும் மீறக்கூடாத ஒழுங்கு. குறுக்குச்சுற்று நேர்ந்தால் லித்தியம் தொகுதி பல ஆயிரம் ஆம்பியரைக் கக்கும். வீட்டு மாறுமின்சாரத்துக்கான எம்.சி.பி. அதனை அறுக்காது. நேர்மின்சாரத்துக்கென்றே செய்யப்பட்ட, உயர் அறுக்கும் திறன் கொண்ட ஃபியூஸ் பேட்டரியின் முனையை ஒட்டியே இருக்க வேண்டும். உள்ளூர் அமைப்புகளில் இச்சிறு பொருள் விடுபட்டுப்போவது கவலைக்குரியது.

ஆயுளைப் பற்றிய விளம்பர எண்களை எச்சரிக்கையோடு படிக்க வேண்டும். ஒருமுறை நிரம்பி வடிவதைச் சுழற்சி என்பர். எல்.எஃப்.பி. தொகுதிக்கு 3,000 முதல் 6,000 சுழற்சிவரை சொல்லப்படுகிறது. நாளுக்கு ஒன்று என்றால் எட்டு முதல் பதினாறு ஆண்டு. ஆனால் பயன்படுத்தாமல் வைத்தாலும் கலம் மூப்படையும். முழுதும் நிரம்பிய நிலையில் வெப்பத்தில் கிடந்தால் விரைந்து மூப்படையும். உத்தரவாத ஆவணத்தில் ஆண்டுக்கணக்கை மட்டும் பாராமல், எத்தனை விழுக்காடு கொள்ளளவு எஞ்சும் என்று உறுதியளிக்கப்படுகிறது, பழுது பார்ப்பவர் பெங்களூருவிலேனும் இருக்கிறாரா என்பவற்றையும் பார்க்க வேண்டும். 2022ஆம் ஆண்டுப் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் பழைய பேட்டரியைத் திரும்பப் பெறும் பொறுப்பை உற்பத்தியாளர்மேல் வைத்திருப்பதால், விலைப்பட்டியலைப் பத்திரப்படுத்துவது உத்தரவாதத்துக்கு மட்டுமன்றி இறுதி ஒப்படைப்புக்கும் வேண்டியதாகிறது.

எஞ்சிய மின்சாரத்தை அறிவதிலும் லித்தியம் பழைய பழக்கத்தைக் கைவிடச் சொல்கிறது. ஈய-அமிலத்தில் மின்னழுத்தம் படிப்படியாக இறங்குவதால் வோல்ட்மானியே நிலையைச் சொல்லிவிடும். எல்.எஃப்.பி.யிலோ தொண்ணூறு விழுக்காட்டிலிருந்து இருபதுவரை கலத்தின் அழுத்தம் பத்தில் ஒரு வோல்ட் அளவே மாறுகிறது. விளக்கு கடைசிவரை ஒரே ஒளியில் எரிந்து பின் சட்டென்று அணைந்துவிடும். உள்ளே போகும், வெளியே வரும் மின்னோட்டத்தை எண்ணும் ஷண்ட் என்ற அளவி இதனால் தேவையாகிறது. அதன் எண்ணும் நாளடைவில் பிசகும் ஆதலால் மாதத்துக்கு ஒருமுறையேனும் தொகுதியை முழுதும் நிரப்பி அளவியைத் திருத்திக்கொள்ள வேண்டும்.

விரிவாக்கத்தைப் பற்றிய முடிவும் முதல் நாளிலேயே எடுக்க வேண்டிய ஒன்று. கண்ணம்பாடி அணைக்கு முதற்கட்டமாக 11 டி.எம்.சி. தேக்கும் அளவுக்கே ஒப்புதல் கிடைத்தபோதிலும், பின்னர் உயர்த்துவதற்கு ஏற்ற அகன்ற அடித்தளத்தையே விசுவேசுவரய்யா இட்டார். வீட்டு அமைப்பிலும் இன்வெர்ட்டர், தடித்த கம்பிகள், பெட்டிகளை ஒன்றிணைக்கும் செப்புப் பட்டை ஆகியவற்றை இறுதி அளவுக்கே வாங்கி, பேட்டரிப் பெட்டிகளை மட்டும் தேவைக்கேற்பச் சேர்ப்பது நல்ல முறை. அவ்வாறு சேர்க்கும் காலம் வரம்பற்றதன்று. மூத்த பெட்டியோடு புதுப்பெட்டி பக்க இணைப்பில் சேரும்போது உள்தடை வேறுபாட்டால் சுமை சமமாகப் பிரியாது. ஆதலால் முதல் ஆண்டின் ஐப்பசி, கார்த்திகை மழைநாட்களில் ஷண்ட் காட்டிய மிகத் தாழ்ந்த எண்ணைக் குறித்துவைத்து, அது இருபது விழுக்காட்டுக்குக் கீழ் அடிக்கடி இறங்கியிருந்தால் அடுத்த மழைக்கு முன் அதே நிறுவனத்தின் அதே மாதிரிப் பெட்டி ஒன்றைச் சேர்த்து, இணைப்பதற்கு முன் எல்லாப் பெட்டிகளையும் ஒரே அழுத்தத்துக்குக் கொண்டுவந்து, சம நீளக் கம்பிகளால் செப்புப் பட்டையில் பூட்ட வேண்டும்.